மைலேஜா, மூச்சா?

புகையை அடக்கும் புதிய டீசல் என்ஜின்கள், முதலமடை மாம்பழ லாரிகளின் வரவு செலவுக் கணக்கை மாற்றி எழுதுகின்றன.

நாட்டின் பிற மாந்தோப்புகள் பூத்து முடிப்பதற்குள் பாலக்காடு மாவட்டத்து முதலமடையில் காய் பறிப்பு தொடங்கிவிடும். முந்திக்கொண்டால்தான் விலை. பொள்ளாச்சி வழியாக வடக்கே புறப்படும் லாரி தில்லியை அடைய சுமார் 2,600 கி.மீ. ஓட வேண்டும். லிட்டருக்கு 4 கி.மீ. கொடுக்கும் வண்டி என்றால் 650 லிட்டர் டீசல். மைலேஜ் 5 சதவீதம் குறைந்தால் கூடுதலாக 34 லிட்டர். லாரி உரிமையாளரின் லாபம் கரைவது இங்கேதான்.

பிரச்சினையின் வேர் என்ஜினுக்குள் இருக்கிறது. டீசல் எவ்வளவு சூடாக எரிகிறதோ அவ்வளவு மைலேஜ். ஆனால் அதே சூட்டில்தான் நுரையீரலைப் பதம் பார்க்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் பிறக்கின்றன. புகையின் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பினால் சூடு தணியும். கூடவே மைலேஜும் குறையும், கரி கூடும். கரியைப் பிடிக்க வடிகட்டி வைத்தால், அது அடைத்துக்கொள்ளும்போது எரித்துச் சுத்தம் செய்யவும் டீசல்தான் செலவாகிறது.

இந்த இழுபறியை மறைக்கப் பார்த்தது ஃபோக்ஸ்வாகன். பரிசோதனைக் கூடத்தில் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளை அது கார்களில் புகுத்தியிருந்தது 2015 செப்டம்பரில் அம்பலமானது. உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்கள்.

நேர்மையான வழி யூரியா. 32.5 சதவீத யூரியா கரைசலைப் புகைக்குழாயில் தெளித்தால் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் நைட்ரஜனாகவும் நீராகவும் மாறிவிடும். என்ஜின் தாராளமாகச் சூடாகலாம், மைலேஜ் தப்பும். ஆனால் நூறு லிட்டர் டீசலுக்கு மூன்று முதல் ஐந்து லிட்டர் கரைசல் வேண்டும். தில்லிப் பயணத்துக்கு 20 முதல் 32 லிட்டர். கரைசல் தீர்ந்தால் என்ஜினின் வலு குறைக்கப்படும். சீனா ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்ட 2021இல் தென் கொரிய லாரிகள் யூரியா இல்லாமல் தவித்தன.

சென்னையின் அசோக் லேலண்ட், 2017இல் பாரத் 4 விதி நாடு முழுவதும் வந்தபோது, யூரியா தேவைப்படாத என்ஜின் என்பதையே விற்பனை மந்திரமாக்கியது. 2020 ஏப்ரலில் வந்த பாரத் 6 அந்தச் சலுகையைப் பறித்தது. கனரக வண்டிகளுக்கான நைட்ரஜன் ஆக்ஸைடு வரம்பு 3.5 கிராமிலிருந்து 0.46 கிராமாகச் சரிந்தது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆனது.

வனப் பகுதி ஜீப்புகளுக்கு வேறு தலைவலி. முதலமடை ஊராட்சியின் பரம்பிக்குளத்துக்கே தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப் ஸ்லிப் வழியாகத்தான் சாலை. காட்டுப் பாதையில் மெதுவாக, குறைந்த தூரம் ஓடும் வண்டியில் வடிகட்டியின் கரி எரியப் போதுமான சூடு சேராது.

பழைய லாரியையே ஓட்டிக் காலம் தள்ளலாமா? தில்லி அதற்கும் கதவைச் சாத்துகிறது. தில்லியில் பதிவாகாத, பாரத் 6க்குக் கீழான சரக்கு வண்டிகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் தடை என்று காற்றுத் தர ஆணையம் உத்தரவிட்டது. பாரத் 4 வண்டிகளுக்கு 2026 அக்டோபர் 31 வரை மட்டும் விலக்கு.

ஆக, பறிபோவது மைலேஜ் அல்ல. வண்டி விலை, யூரியா, பராமரிப்பு என்று செலவு வேறு கணக்கில் ஏறுகிறது. பத்து லாரி வைத்திருப்பவர் அதைத் தாங்கிக்கொள்வார். ஒற்றை லாரிக்காரருக்கு அது பிழைப்பு. நல்ல காற்றுக்கான விலையை யார் தருவது என்பதுதான் கேள்வி. இப்போதைக்கு பில் அவர் கையில்.