ஆங்கில நாட்டில் நெடிது முடி தாங்கியோர்

ஒரு நாட்டை நெடுங்காலம் ஆண்ட மன்னர் யாவர் என வினவுவார்க்கு ஆண்டுக் கணக்கை எடுத்துரைத்தல் எளிது. ஆங்கில நாட்டு வரலாற்றில் இரண்டாம் எலிசபெத் 70 ஆண்டும், விக்டோரியா 63 ஆண்டும், மூன்றாம் ஜோர்ஜ் 59 ஆண்டும், மூன்றாம் ஹென்றி 56 ஆண்டும், மூன்றாம் எட்வேட் 50 ஆண்டும் முடி தாங்கினர். ஆயின், அக்காலம் முழுவதும் அவர்களே ஆட்சி புரிந்தனரோ எனின், விடை கூறுதல் அத்துணை எளிதன்று.

பழைய மன்னர் இருவர்க்கும் நீண்ட ஆட்சியைத் தந்தது அவர்தம் இளமையே. 1216 இல் ஹென்றி முடிசூடியபோது அவருக்கு வயது ஒன்பது. நாட்டைக் காத்தவர் வில்லியம் மார்சல் என்னும் முதுபெரும் வீரர். பின்னர் 1264 இல், லூவிஸ் என்னுமிடத்து நிகழ்ந்த போரில் சைமன் டி மொன்போட் மன்னரைச் சிறைப்படுத்தினார். மறு ஆண்டு ஈவ்சம் போரில் சைமன் மடியும்வரை, மன்னர் பெயரால் வெளிவந்த ஆணைகள் மன்னருடையனவாக இருந்தில. பதினான்கு வயதில் அரியணை ஏறிய எட்வேட்டும், தம் அன்னையும் மோட்டிமரும் செலுத்திய ஆதிக்கத்தை 1330 இலேயே ஒழிக்க முடிந்தது.

மூன்றாம் ஜோர்ஜின் வரலாறு ஈண்டுச் சற்று விரித்துரைக்கத் தக்கது. 1760 இல் பட்டமெய்திய அவர் பெயரளவில் மட்டும் அரசராயிருக்க உடன்பட்டவரல்லர். கத்தோலிக்கர்க்கு உரிமை வழங்க அவர் மறுத்தமையால், 1801 இல் பிற் என்னும் பிரதம மந்திரி பதவி துறக்க நேர்ந்தது. அத்தகையவர் 1811 இல் சித்தம் கலங்கி, ஆட்சிப் பொறுப்பு மூத்த மகனிடம் சென்றது. 1815 மார்ச் 2 ஆந் திகதி கண்டி இராச்சியம் பிரித்தானிய முடிக்கு உரியதாக்கப்பட்டபோது, அவ்வொப்பந்தம் சுட்டிய மன்னர் இவரே. அப்பொழுது அவர் பார்வையிழந்து, அறிவு மயங்கி, வின்சர் மாளிகையில் அடைபட்டிருந்தார். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் நாட்டைத் தாம் பெற்றதை அம்முதியவர் உணர்ந்திருப்பாரோ என்பது ஐயமே.

விக்டோரியா காலத்தில் முடியின் அதிகாரம் மேலும் சுருங்கியது. 1839 இல் தம் தோழியரை மாற்ற மறுத்ததனால், பீல் என்பார் அமைச்சு அமைப்பதை அவரால் தடுக்க முடிந்தது. 1880 இலோ, தாம் பெரிதும் வெறுத்த கிளாட்ஸ்டனைப் பிரதம மந்திரியாக ஏற்றே தீரவேண்டியதாயிற்று. இடையில் வாக்குரிமை விரிந்தது, கட்சிகளும் வலுப்பெற்றன.

இரண்டாம் எலிசபெத் 1952 பெப்ரவரி 6 இல் அரசியானார். 2015 செப்டெம்பரில் விக்டோரியாவின் கணக்கைக் கடந்து, 2022 செப்டெம்பர் 8 இல் மறைந்தார். அவர் காலத்துப் பிரதம மந்திரிமார் பதினைவர். எனினும் அவரது ஆட்சிக் காலம் எல்லா நாட்டிலும் ஒரே அளவினதன்று. இலங்கைக்கும் அவர் அரசியாக விளங்கினார். 1972 மே 22 இல் இந்நாடு குடியரசானபோது, இங்கு அவ்வாட்சி இருபது ஆண்டுகளுடன் முடிவுற்றது.