குலமுதுவரின் கிணறுகளும் ஒரு கல்லறை நிலமும்

விவிலிய வகுப்புக்களில் தொடக்கநூலைத் திறந்தவுடனேயே எம்மிடம் எழுப்பப்படும் கேள்வி ஒன்று உண்டு. "சுவாமி, இது உண்மையிலே நடந்ததோ?" இக்கேள்வியைக் கேட்பவரிடம் ஏளனம் இருப்பதில்லை. அச்சமே இருக்கிறது. பிள்ளை பாடசாலையில் படிக்கும் விஞ்ஞானமும் தாம் கோவிலில் கேட்கும் வாசகமும் ஒத்துப்போகவில்லையே, இவற்றுள் எதைக் கைவிடுவது என்ற அச்சம் அது. "எல்லாம் அப்படியே நடந்தது" என்று வாயை அடைத்துவிடுவதும், "அது வெறும் கதை" என்று தட்டிக்கழிப்பதும் அம்மனிதருக்கு நாம் செய்யும் அநீதிகளாகும். இவ்விரண்டையும் விட்டு, இந்நூல் எப்படி உருவானது, எதைச் சொல்ல வந்தது என்பதைப் பொறுமையோடு நோக்குவோம்.

நூலின் அமைப்பு

முன்னர் ஆதியாகமம் என நாம் அழைத்த தொடக்கநூலில் 50 அதிகாரங்கள் உள்ளன. முதல் 11 அதிகாரங்கள் படைப்பு, காயின் ஆபேல், வெள்ளப்பெருக்கு, பாபேல் கோபுரம் என்று மனுக்குலம் முழுவதையும் பற்றிப் பேசுகின்றன. 12ஆம் அதிகாரம் முதல் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்னும் குலமுதுவர்களின் குடும்பக் கதை தொடங்குகிறது. பிதாப்பிதாக்கள் என எமது பெரியோர் குறிப்பிட்டது இவர்களையே.

கவனமாக வாசிப்பவருக்கு ஒரு விடயம் விரைவில் புலப்படும். படைப்பு இருமுறை சொல்லப்படுகிறது. முதல் அதிகாரத்தில் மரஞ்செடிகளும் விலங்குகளும் தோன்றிய பின்னரே மனிதர் படைக்கப்படுகின்றனர். இரண்டாம் அதிகாரத்தில் மனிதனே முதலில் மண்ணிலிருந்து உருவாக்கப்படுகிறான். நோவாவின் பேழைக்குள் ஒவ்வொரு விலங்கிலும் ஒரு சோடி ஏறியதாக ஓரிடமும், தூய விலங்குகளில் ஏழு சோடி ஏறியதாக மற்றோரிடமும் கூறுகின்றன. மனைவியைத் தங்கை என்று சொல்லித் தப்ப முயன்ற கதை, ஆபிரகாமைப் பற்றி இருமுறையும் ஈசாக்கைப் பற்றி ஒருமுறையுமாக மூன்று தடவை வருகிறது. நூலைத் தொகுத்தவர்கள் இவற்றைக் காணாதவர்களல்லர். தமக்குக் கிடைத்த பழைய மரபுகளில் எதையும் எறிந்துவிட மனமின்றி, பக்கத்தில் பக்கமாக வைத்துக் காத்தனர்.

ஆய்வு நடந்த பாதை

இந்த வேறுபாடுகளை அடிப்படையாகக் கொண்டு, மோசேயின் ஐந்து நூல்களும் வெவ்வேறு காலத்தைச் சேர்ந்த நான்கு மரபுகளின் தொகுப்பு என்ற கருத்தை 1878இல் ஜேர்மன் அறிஞர் யூலியுஸ் வெல்ஹவுசன் விரிவாக முன்வைத்தார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், 1872இல், நினிவே நகரின் இடிபாடுகளிலிருந்து இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட களிமண் பலகை ஒன்றில் வெள்ளப்பெருக்குக் கதையை வாசித்தறிந்தார் ஜோர்ஜ் சிமித். நோவாவின் கதைக்கு மெசப்பொத்தேமியாவில் மூத்த உறவினர் இருப்பது உலகுக்குத் தெரியவந்தது.

எமது திருச்சபை இவ்வாய்வை உடனே வரவேற்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் கூறவேண்டும். 1890இல் எருசலேமில் விவிலியக் கல்லூரியை நிறுவிய தொமினிக்கன் துறவி லக்ராஞ்சு, தொடக்கநூலுக்கு எழுதிய விளக்கவுரையை வெளியிட அனுமதி பெறவில்லை. 1906இல் திருத்தந்தையின் விவிலிய ஆணைக்குழு, ஐந்து நூல்களின் ஆசிரியர் மோசே என்ற மரபை விட்டுவிடப் போதிய சான்று இல்லை என்றது. 1943இல்தான் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் தமது சுற்றுமடலில், பண்டைய கீழைத்தேய மக்கள் எந்த எந்த இலக்கிய வகைகளில் எழுதினார்கள் என்பதை ஆராயும்படி அறிஞரை ஊக்குவித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு இதையே சங்கத்தின் போதனையாக்கியது. 1993இல் விவிலிய ஆணைக்குழு வெளியிட்ட ஆவணமோ, எழுத்துக்கு எழுத்து நேர்ப்பொருள் கொள்ளும் அடிப்படைவாத வாசிப்பைக் கடுமையாகக் கண்டித்தது. கேள்வி கேட்கும் கிறிஸ்தவர் விசுவாசத்தில் குறைந்தவரல்லர். திருச்சபையே கேட்டுத் தெளிந்த கேள்வியைத்தான் அவரும் கேட்கிறார்.

வெல்ஹவுசனின் நான்கு மரபுகள் பற்றி இன்று அறிஞரிடையே பலத்த கருத்து வேறுபாடு உண்டு. எனினும் நூல் ஒரே நாளில் ஒரே கையால் எழுதப்படவில்லை, பல தலைமுறைகளின் நினைவுகள் சேர்ந்து உருவானது என்பதைப் பெரும்பாலானோர் ஏற்கின்றனர். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் எருசலேம் அழிக்கப்பட்டு மக்கள் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட துன்பம், இத்தொகுப்பு வேலையை விரைவுபடுத்தியது. நிலத்தையும் கோவிலையும் இழந்தவர்கள் தம் முன்னோரின் கதைகளைச் சேர்த்து வைத்தனர்.

மண்ணும் மனிதனும்

அந்தப் பாபிலோனில் அவர்கள் காதில் விழுந்த கதைகள் எவை? அத்ரகாசிசு என்னும் காவியத்தின் பிரதிகள் கி.மு. 17ஆம் நூற்றாண்டிலிருந்தே உள்ளன. அதன்படி, ஆதியில் சிறு தெய்வங்களே வாய்க்கால் வெட்டும் வேலையைச் செய்தன. முதுகு முறிந்த அவை கலகம் செய்து கருவிகளை எரித்துவிட்டன. அவ்வேலையைச் சுமப்பதற்காகவே, கொல்லப்பட்ட ஒரு தெய்வத்தின் இரத்தத்தைக் களிமண்ணோடு பிசைந்து மனிதர் உண்டாக்கப்பட்டனராம். உழைப்பாளி தெய்வங்களின் கூலி என்பதே அக்கதையின் பொருள்.

தொடக்கநூல் இதற்கு மாறான பதிலைத் தருகிறது. மனிதர், ஆணும் பெண்ணுமாக, கடவுளின் சாயல். அப்பிரதேசத்தில் கடவுளின் சாயல் என்ற பட்டம் அரசனுக்கே உரியது; இங்கே அது எல்லோருக்கும் கொடுக்கப்படுகிறது. ஏழாம் நாளில் ஓய்வும் உண்டு. இரண்டாம் அதிகாரத்தில் மனிதனுக்கு எபிரேயத்தில் ஆதாம் என்று பெயர்; மண்ணுக்கு ஆதமா. மண்ணின் பிள்ளையே மனிதன் என்பது அச்சொற்களிலேயே ஒலிக்கிறது. அவனுக்குக் கொடுக்கப்பட்ட தோட்டவேலையைக் குறிக்கும் சொல்லுக்கு, பண்படுத்துதல் என்பதோடு பணிவிடை செய்தல் என்ற பொருளும் உண்டு. உலகம் எத்தனை நாளில் உண்டாயிற்று என்று இக்கதையிடம் கேட்பது கிணற்றிடம் நெல் கேட்பது போன்றது. உழைக்கும் மனிதன் யார் என்று கேட்டால் அது தெளிவாகப் பதில் சொல்லும்.

ஆபிரகாம் வாழ்ந்தாரா?

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அகழ்வாய்வாளர் பலர் இதற்கு உறுதியாக "ஆம்" என்றனர். ஈராக்கிலுள்ள நூசியில் கிடைத்த, கி.மு. 15, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பலகைகளில், பிள்ளையில்லாத மனைவி தன் கணவனுக்கு அடிமைப்பெண்ணைக் கொடுக்கும் வழக்கம் காணப்பட்டது. சாரா ஆகாரைக் கொடுத்ததற்கு இதுவே சான்று என்றனர். ஆனால் 1974இல் தோமஸ் தொம்சனும் 1975இல் ஜோன் வான் சீற்றர்சும், அவ்வழக்கம் வேறு காலங்களிலும் இருந்தது, ஆகவே அது காலத்தை நிரூபிக்காது என்று எடுத்துக்காட்டினர்.

கதைகளிலேயே பிற்காலத்தின் சுவடுகளும் உண்டு. குலமுதுவரின் காலத்தில் பெலிஸ்தியர் இருந்ததாக நூல் கூறுகிறது. அவர்கள் கானான் கரையில் குடியேறியது கி.மு. 12ஆம் நூற்றாண்டளவிலேயே. ஆபிரகாமுக்கு ஒட்டகங்கள் இருந்தன என்கிறது. 2013இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு ஒன்று, அரபா பள்ளத்தாக்கின் செப்புச் சூளைகளருகே கிடைத்த எலும்புகளைக் கொண்டு, வளர்ப்பு ஒட்டகம் அங்கு வந்தது கி.மு. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் என்று காட்டியது. இஸ்ரயேல் என்னும் பெயர் விவிலியத்துக்கு வெளியே முதன்முதலில் வருவது, கி.மு. 1208 அளவில் எகிப்திய மன்னன் மெர்னெப்தா பொறித்த கல்வெட்டில்தான். ஆபிரகாமைக் குறிப்பிடும் அவர் காலத்து ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை.

இதனால் எல்லாம் கற்பனை என்று முடிவு கட்டவேண்டியதில்லை. தாத்தாவின் கதையைச் சொல்லும் பேரன், தான் அறிந்த வீதியையும் சந்தையையும் அதில் சேர்த்துவிடுவான். அதற்காகத் தாத்தா இல்லாமற் போவதில்லை. அந்த நினைவுக்குள் ஆழமாகப் பதிந்திருப்பவை எவை என்று பார்த்தால், தண்ணீரும் நிலமும் முன்னே வந்து நிற்கின்றன.

கிணறுகள்

ஈசாக்கு நடமாடிய பெயேர்செபாப் பகுதியில் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 200 மில்லிமீற்றர்தான். அங்கே கிணறு என்பது உயிர். 26ஆம் அதிகாரத்தில், ஈசாக்கு விதைத்து நூறு மடங்கு அறுவடை செய்கிறார், மந்தைகள் பெருகுகின்றன. அயலவருக்குப் பொறாமை. அவருடைய தந்தை வெட்டிய கிணறுகள் மண்ணிட்டு மூடப்படுகின்றன. அரசன் அபிமெலக்கு, எங்களைவிட நீ பெலத்துவிட்டாய், போய்விடு என்கிறான். ஈசாக்கு கெரார்ப் பள்ளத்தாக்குக்குப் போய்ப் பழைய கிணறுகளைத் தோண்டி, தந்தை இட்ட பெயர்களையே இடுகிறார். புதிதாக ஓர் ஊற்று கிடைத்ததும் அவ்விடத்து ஆயர்கள் தண்ணீர் தங்களுடையது என்று வாதாடுகின்றனர். அக்கிணற்றுக்குச் சச்சரவு என்று பொருள்படும் ஏசேக்கு எனப் பெயரிட்டு விலகுகிறார். அடுத்த கிணற்றுக்கும் சண்டை. அதற்குப் பகை என்று பொருள்படும் சித்னா எனப் பெயர். மூன்றாவதற்குச் சண்டை இல்லை. அதற்கு இரகபோத்து, அதாவது தாராளமான இடம், என்று பெயரிடுகிறார். இறுதியில் விரட்டிய அபிமெலக்கே சமாதானம் தேடி வருகிறான். விருந்து நடக்கிறது, சத்தியம் செய்யப்படுகிறது. அதே நாளில் வேலையாட்கள் வந்து, தண்ணீர் கண்டோம் என்கின்றனர்.

இதைக் கோழைத்தனம் என்று சிலர் சொல்லலாம். ஆனால் ஈசாக்கு பலவீனத்தால் விலகவில்லை. அவன் பெலத்துவிட்டான் என்பதே அரசனின் முறைப்பாடு. தோண்டுவதையும் அவர் நிறுத்தவில்லை. இன்னொன்றையும் பார்க்கவேண்டும். 29ஆம் அதிகாரத்தில் காரான் ஊர்க் கிணற்றின் வாயைப் பெரிய கல் மூடியிருக்கிறது. எல்லா மந்தைகளும் வந்து சேரும் வரை கல்லைப் புரட்டுவதில்லை என்பது ஊர் வழமை. முந்தி வந்தவன் முழுவதையும் இறைத்துவிடக்கூடாது என்ற பங்கீட்டு முறையை அங்கே காண்கிறோம்.

குலமுதுவரின் குறைகளையும் நூல் மறைக்கவில்லை. ஆபிரகாம் ஆகாரையும் பிள்ளையையும் அப்பமும் ஒரு தோற்பைத் தண்ணீரும் கொடுத்துப் பாலைநிலத்துக்கு அனுப்பிவிட்டார். தண்ணீர் தீர்ந்தபோது கடவுள் அவளுடைய கண்களைத் திறந்து ஒரு கிணற்றைக் காட்டினார். அதற்கு முன்னரும் அவள் சாராவுக்குப் பயந்து ஓடியபோது கிணற்றடியில் கடவுளைச் சந்தித்து, அவருக்குக் காண்கின்ற கடவுள் என்று பெயரிட்டாள். வேற்றினத்து அடிமைப்பெண் ஒருத்தி கடவுளுக்கே பெயர் வைக்கிறாள். பிற்காலத்தில் ஈசாக்கு குடியிருந்தது அந்தக் கிணற்றருகே என்று 25ஆம் அதிகாரம் குறித்து வைத்திருக்கிறது.

கல்லறை நிலம்

கடவுள் ஆபிரகாமுக்கு நாடு முழுவதையும் வாக்களித்தார் என்பது உண்மை. ஆனால் சாரா இறந்தபோது அவளை அடக்கம் செய்ய ஒரு முழ நிலம் அவருக்கு இல்லை. எபிரோன் நகர வாயிலில் நின்று, தாம் அந்நியனும் வந்தேறியும் என்று தாழ்மையோடு கூறி, மக்பேலாக் குகையையும் வயலையும் அதிலுள்ள மரங்களையும் 400 செக்கேல் வெள்ளி நிறுத்துக்கொடுத்து, ஊரார் சாட்சியாக வாங்குகிறார். விலையைக் குறைக்கவும் அவர் கேட்கவில்லை. கடவுளின் வாக்குறுதியைக் காட்டிப் பிறருடைய காணியை அவர் பிடித்துக்கொள்ளவில்லை. பின்னர் யாக்கோபின் மக்கள் செக்கேமில் வஞ்சகமாகக் கொலை செய்தபோது, சாகும் தறுவாயிலும் தந்தை அவர்களுடைய சினத்தைச் சபித்தார்.

ஆபிரகாம் இறந்தபோது அவரை அந்தக் குகையில் அடக்கம் செய்தவர்கள் ஈசாக்கும் இஸ்மயேலும். துரத்தப்பட்ட மகனும் வீட்டிலிருந்த மகனும் ஒன்றாக நின்றனர். அந்த எபிரோனிலேயே 1929 ஆகஸ்டில் 67 யூதர்கள் கொல்லப்பட்டனர். 1994 பெப்ரவரி 25இல், அதே கல்லறைத் தலத்தில் தொழுதுகொண்டிருந்த 29 முஸ்லிம்களை ஒரு யூதக் குடியேற்றவாசி சுட்டுக்கொன்றான். அதன்பின் தலம் யூதருக்கும் முஸ்லிம்களுக்குமாகப் பிரிக்கப்பட்டது. நூலைக் கையில் வைத்திருப்பவர்கள் 25ஆம் அதிகாரத்தை வாசிக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஆகவே, "இது நடந்ததோ?" என்று கேட்பவருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். நூலின் ஒவ்வொரு வரியும் நாட்குறிப்பு அல்ல. எனினும் நாடிழந்த மக்கள் தம் முன்னோரை நினைத்தபோது, நிலத்தைப் பறித்தவர்களாக அல்ல, விலை கொடுத்தவர்களாக நினைத்தனர். கிணற்றை மூடியவர்களாக அல்ல, தோண்டியவர்களாக நினைத்தனர். அந்த நினைவைக் கடவுளின் வார்த்தையாகத் திருச்சபை எம்மிடம் ஒப்படைத்திருக்கிறது. அதை வரலாற்றுப் பரீட்சையில் சித்தியடையச் செய்வதற்காக நாம் கலங்கவேண்டியதில்லை. அதன்படி நடப்பதுதான் கடினம்.

குழுக்களில் கலந்துரையாட

1. தொடக்கநூல் 26ஆம் அதிகாரத்தை உரத்து வாசியுங்கள். ஈசாக்கின் இடத்தில் நீங்கள் இருந்தால் எந்தக் கிணற்றில் நின்றுவிடுவீர்கள்?

2. காரான் கிணற்றின் கல்லைப் போன்ற பங்கீட்டு முறை உங்கள் ஊரில் இருந்ததா? அது இன்றும் நிலைக்கிறதா?

3. நமது குடும்பங்களில் கல்லறையடியில் மட்டும் சந்திக்கும் ஈசாக்குகளும் இஸ்மயேல்களும் யார்?