உங்களுக்குத் தெரியுமா? ஒரே பாட்டுக்கு இரண்டு பெயர்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலய இசையும் ரிதம் அண்ட் புளூஸ் எனப்படும் தாள இசையும் கலந்து 1950களில் உருப்பெற்ற சோல் இசையில், பாடலின் தலைப்பை அடைப்புக்குறிக்குள் மேலும் சில சொற்கள் சேர்த்து அச்சிடும் வழக்கம் பரவலாக இருந்தது. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்துக்காக ஹாலந்து சகோதரர்களும் லமான்ட் டோசியரும் எழுத, ஃபோர் டாப்ஸ் குழுவினர் பாடி 1965இல் பில்போர்டு பட்டியலின் முதலிடத்தை எட்டிய ‘ஐ கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்’ பாடலை, அடைப்புக்குறிக்குள் இருந்த ‘சுகர் பை, ஹனி பஞ்ச்’ என்ற கொஞ்சல் மொழியாலேயே ரசிகர்கள் பலர் இன்றும் அழைக்கின்றனர். செவியில் முதலில் தங்கும் சொற்களே பாடலின் பெயராகிவிடுவது இயல்பேயாதலால், அவர்கள் சூட்டிய பெயரைப் பிழையென ஒதுக்குவது முறையாகாது. இதற்கு நேர்மாறாக, அரீத்தா ஃபிராங்க்ளின் 1967இல் பாடிய ‘எ நேச்சுரல் வுமன்’ பாடலுக்குத் தலைப்பே முதலில் பிறந்தது: தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் அத்தொடரைச் சொல்ல, கரோல் கிங்கும் ஜெர்ரி காஃபினும் அதைச் சுற்றியே பாடலை அமைத்தனர்; அந்த ஒரு தொடருக்காக வெக்ஸ்லரின் பெயரும் பாடலாசிரியர் வரிசையில் இடம்பெற்றது.