தொலைவிலுள்ள ஆய்வுக்கூடத்திற்கு மாதிரி அனுப்பும் முறை

நிலத்து மண்ணைப் பையிலிட்டு மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பும் வழக்கம் நம் அங்கத்தினர்களில் விவசாயிகளாக உள்ளோர் பலருக்கு உண்டு. நூலின் முறுக்கையும் வலுவையும் அறிவதற்கு நூல் மாதிரி அனுப்புவது நெசவாளர் சங்கங்களுக்குப் புதிதன்று. இவ்விரண்டிலும் சோதிப்பவர் ஓரிடத்திலும், பொருளுக்குரியவர் வேறிடத்திலும் இருக்கின்றனர். ஆகவே, முடிவின் தரம் மாதிரியை எடுத்து அனுப்புவோரின் கவனத்தைப் பெரிதும் பொறுத்ததாகிறது. இதே முறை இன்று உலகின் பெரிய ஆராய்ச்சி நிலையங்களில் எவ்வளவு நுட்பமாக வளர்ந்துள்ளது என்பதை விளக்கி, அதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பலருக்கும் பொதுவான சாதனம்

சிங்க்ரோட்ரான் என்பது மாபெரும் வளைய வடிவான யந்திரம். அதனுள் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் சுழல்கின்றன. காந்தங்களால் அவற்றின் பாதை வளைக்கப்படும்போது மிகுந்த ஆற்றலுள்ள எக்ஸ் கதிர்கள் வெளிப்படுகின்றன. மத்தியப் பிரதேசத்து இந்தூரிலுள்ள இந்தஸ்-2 என்னும் யந்திரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 172 மீட்டர். 2007-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்ட இங்கிலாந்தின் டயமண்ட் நிலையத்தின் சுற்றளவு 560 மீட்டருக்கும் சற்று அதிகம். பிரான்சு நாட்டுக் கிரெனோபிளில் உள்ளதோ 844 மீட்டர்.

இத்தகைய யந்திரத்தை ஒரு கல்லூரியோ ஒரு கம்பெனியோ தனியே அமைத்துக்கொள்வது இயலாத காரியம். ஆதலால் பலரும் முறைவைத்துப் பயன்படுத்துகின்றனர். விஞ்ஞானி தம் ஆராய்ச்சித் திட்டத்தை எழுதி விண்ணப்பிக்கிறார். அறிஞர் குழு அதன் தகுதியை ஆராய்கிறது. தகுதியுடையவற்றிற்கு நேரம் ஒதுக்கப்படுகிறது. முடிவுகளை உலகறிய வெளியிடுவோரிடம் டயமண்ட் போன்ற நிலையங்கள் கட்டணம் வாங்குவதில்லை. தனித்தனியே அடையவொண்ணாத சாதனத்தைப் பொதுவில் வைத்து முறையாகப் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாடு கூட்டுறவாளருக்கு எளிதில் விளங்கும்.

ஒதுக்கப்படும் நேரம் பெரும்பாலும் எட்டு மணி அளவான பகுதிகளாகக் கணக்கிடப்படும். கால்வாயில் தண்ணீர் முறை வருவது போன்றதே இது. தம் முறை வரும் வேளையில் மடை திறக்க ஆயத்தமாக இல்லாதவருக்காகக் கால்வாய் காத்திருப்பதில்லை.

ஆய்வுக்குரிய பொருள்

உயிர்களின் உடலில் தொழிற்படும் புரதங்களின் அமைப்பை அறிவது இந்நிலையங்களில் நடைபெறும் முக்கியப் பணிகளுள் ஒன்று. புரதத்தைத் தூய்மைப்படுத்தி, தகுந்த கரைசலில் வைத்து, உப்பு படிவதுபோல் படிகமாக வளர்க்கின்றனர். பல படிகங்கள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்தவை. ஒரு நல்ல படிகத்தைப் பெறச் சில வேளை மாதங்கள், சில வேளை ஆண்டுகளே செல்லும். அதன்மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால் கதிர் பல திசைகளிலும் சிதறி, புள்ளிகளாகப் பதிவாகும். அப்புள்ளிகளைக் கொண்டு புரதத்தில் அணுக்கள் அமைந்துள்ள விதத்தைக் கணக்கிடலாம்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 2009-ஆம் ஆண்டில் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றது இம்முறையால் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்தமைக்கே. அவர்களுள் யோனத் அம்மையார் 1980-களில் ரைபோசோம் படிகங்களை மிகக் கடுங்குளிரில் வைத்து ஆராயும் வழியை வளர்த்தார். எக்ஸ் கதிர் படும்போது படிகம் சிதைகிறது. கடுங்குளிரில் அச்சிதைவு வெகுவாகக் குறைகிறது. குளிரில் உறைந்த படிகத்தைப் பெட்டியிலிட்டுத் தொலைவுக்கு அனுப்புவதும் இதனால் கைகூடிற்று.

ஆயத்தம் செய்யும் விதம்

நைலான் முதலியவற்றால் ஆகிய நுண்ணிய கண்ணியொன்று ஓர் ஊசியின் முனையில் பொருத்தப்பட்டிருக்கும். விழுதின் கண்ணைப் பன்மடங்கு சிறிதாக்கியது போன்ற தோற்றம் அதற்கு. உருப்பெருக்கியின் கீழ் நோக்கியவாறு படிகத்தை அக்கண்ணியால் அள்ளி எடுத்து, உடனே திரவ நைட்ரஜனில் அமிழ்த்துகின்றனர். அத்திரவத்தின் உஷ்ணநிலை பூஜ்யத்திற்குக் கீழே 196 டிகிரி சென்டிகிரேடு.

இங்கே ஓர் இடையூறு உண்டு. படிகத்தினுள்ளும் வெளியிலும் உள்ள நீர் பனிக்கட்டியாக மாறினால் படிகம் குலைந்துபோகும். ஆகவே, பல படிகங்களை முன்னதாகக் கிளிசரின் போன்ற பொருள் கலந்த கரைசலில் தோய்த்தெடுப்பர். பின்னர் விரைந்து குளிர்விப்பதால் நீர் பனிக்கட்டியாகாமல் கண்ணாடிபோல் உறைகிறது.

படிகம் ஏந்திய ஊசிகள், அடியில் காந்தம் பற்றும் உலோகத் தொப்பி உடையவை. அவற்றை வட்டத் தட்டு ஒன்றில் வரிசையாக அமைக்கின்றனர். இப்போது பல நாடுகளில் வழங்கும் ஒருவகைத் தட்டில் 16 ஊசிகள் அமையும். எந்த நிலையத்திற்கு அனுப்பினும் அங்குள்ள யந்திரக் கை எடுக்கத்தக்கவாறு ஊசியின் நீளமும் தொப்பியின் அளவும் குறிப்பிட்டபடி இருத்தல் வேண்டும். அளவு மாறினால் யந்திரக் கை ஊசியைத் தவறவிடும். அல்லது தட்டிலேயே சிக்கிக்கொண்டு, பின்வரும் மாதிரிகளையும் தடுத்துவிடும்.

இவ்வேலை முழுவதும் திரவ நைட்ரஜனுக்குள்ளேயே நடைபெறும். ஈரக்காற்று பட்டால் உறைபனி படியும் என்பதால் இடுக்கிகளை அடிக்கடி சூடாக்கி உலர்த்திக்கொள்வர். நைட்ரஜன் ஆவி அறையை நிறைத்தால் மூச்சுக்கு வேண்டிய பிராணவாயு குறையும். ஆதலால் காற்றோட்டமுள்ள அறையும், கையுறையும், கண் காப்பும் கட்டாயம். திரவ நைட்ரஜன் உள்ள கலத்தை இறுக மூடுதல் ஒருபோதும் கூடாது. ஆவி வெளியேற வழியின்றேல் கலம் வெடிக்கும்.

அனுப்பும் கலம்

திரவ நைட்ரஜனைக் குடத்தில் ஊற்றி விமானத்தில் அனுப்ப இயலாது. அது ஆபத்தான சரக்கு. இதற்கென உலர் கலம் ஒன்று உளது. இரட்டைச் சுவருக்கிடையே காற்று அகற்றப்பட்ட அக்கலத்தின் உட்புறத்தில், திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும் பொருள் நிரப்பப்பட்டிருக்கும். திரவத்தை ஊற்றி, பல மணி நேரம் ஊறவிட்டு, மீண்டும் மீண்டும் நிரப்ப வேண்டும். வறண்ட நிலம் முதல் தண்ணீரை உள்வாங்குவதுபோல் கலமும் குடித்துக்கொண்டே இருக்கும். முற்றிலும் ஊறிய பின்னர், தனித்து நிற்கும் திரவத்தைக் கொட்டிவிட்டு மாதிரித் தட்டுகளை உள்ளே இறக்குவர். சிந்தக்கூடிய திரவம் இல்லாமையால் விமானச் சரக்கு விதிகள் இதனை ஏற்கின்றன. நல்ல கலம் ஒரு வாரத்திற்கு மேலும் குளிரைக் காக்கும்.

கலம் பழுதற்றதா என்பதை நிறுத்துப் பார்த்து அறியலாம். ஊறிய கலத்தை நிறுத்து, ஒரு நாள் கழித்து மீண்டும் நிறுத்தால் எவ்வளவு ஆவியாயிற்று என்பது விளங்கும். வழக்கத்திற்கு மிஞ்சிக் குறைந்தாலோ, கலத்தின் வெளிப்புறம் வியர்த்துப் பனி படிந்தாலோ, சுவரின் காப்புக் கெட்டுவிட்டதென்று கொள்ள வேண்டும். கலத்தை நிமிர்த்தியே வைக்கும்படி வெளியில் எழுதுவர். படுக்கவைத்தால் குளிர் விரைவில் தீர்ந்துபோகும். சுங்கத் தாமதத்தையும் விடுமுறை நாட்களையும் கணக்கிட்டு, ஒதுக்கிய நாளுக்கு முன்னதாகவே சேரும்படி அனுப்புவர்.

பட்டியலும் பொருளும்

கலத்தோடு பட்டியலும் செல்லும். தட்டின் குறியெண், அதில் ஊசி அமைந்த இடம், படிகத்தின் பெயர், அபாயம் உண்டா இல்லையா என்ற விவரம் யாவும் அதில் இருக்கும். கலம் வந்து சேர்ந்ததும் நிலையத்தார் தட்டுகளை யந்திரக் கையின் அருகிலுள்ள குளிர்த்தொட்டிக்கு மாற்றுவர். அதன்பின் விஞ்ஞானி தம் ஊரிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாக ஆணையிடுகிறார். யந்திரக் கை ஊசியை எடுத்துக் கதிரின் பாதையில் நிறுத்துகிறது. அவர் காமிராவில் பார்த்துப் படிகத்தை நடுவில் அமைத்துப் பரிசோதனையைத் தொடங்குகிறார். 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோயால் பயணம் தடைப்பட்ட காலத்தில், அக்கிருமியின் புரதங்களைப் பற்றிய ஆராய்ச்சி இம்முறையால் தடையின்றி நடந்தேறியது.

படிகத்தைக் கையில் எடுத்துப் பார்க்க அவரால் இயலாது. பட்டியலில் ஐந்தாம் இடம் என்றிருப்பது தட்டில் ஆறாம் இடத்தில் இருக்குமாயின், ஒரு புரதத்தின் முடிவு மற்றொன்றின் பெயரில் ஏறிவிடும். படிகம் கெட்டால் வேலை வீணாகும். பெயர் மாறினாலோ பொய்யான முடிவு மெய்யெனப் பரவும். சங்கத் தணிக்கையில் இருப்புப் பதிவேட்டையும் கிடங்கையும் ஒப்பிட வற்புறுத்துவது எதற்காகவோ, இதுவும் அதற்காகவே.

நாம் கொள்ளத்தக்கன

நம் மண் மாதிரிக்குக் கடுங்குளிரும் விமானமும் தேவையில்லை. ஒழுங்கு மட்டும் அதே அளவு தேவை. ஒரு வயலுக்கு ஓரிடத்து மண் போதாது. பத்துப் பதினைந்து இடங்களில் மேற்குப்பையை நீக்கி, ஆங்கில 'வி' எழுத்தைப்போல் குழி வெட்டி, அதன் பக்கத்திலிருந்து 15 சென்டிமீட்டர் ஆழம்வரை ஒரே கனமாக மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். ஆழமாக வேரோடும் பயிருக்கு இன்னும் ஆழத்திலிருந்து எடுத்தல் நலம். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம், அண்மையில் உரமிட்ட இடம் ஆகியவற்றை விலக்குக. யாவற்றையும் கலந்து பரப்பி, நான்கு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்குகளை நீக்குக. அரை கிலோ மிஞ்சும்வரை இவ்வாறே செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டுக. உரச் சாக்கில் இட்டால் ஒட்டியிருக்கும் உரமும் சேர்ந்து சோதிக்கப்படும். பெயர், சர்வே எண், முன் பயிர், இனி இடவிருக்கும் பயிர் ஆகியவற்றை எழுதிய சீட்டு ஒன்றைப் பையினுள்ளும் மற்றொன்றை வெளியிலும் வைக்க வேண்டும்.

நூலுக்கும் இவ்வாறே. ஒரே சிட்டத்தைப் பிரித்து அனுப்பாமல் பல கட்டுகளிலிருந்தும் எடுத்து, நூலின் நம்பரையும் சரக்கு வந்த தேதியையும் குறித்து, ஈரம்படாமல் கட்டி அனுப்புக. பருத்தி நூலின் வலு ஈரத்திற்கேற்ப மாறுவதால், நனைந்த மாதிரி உண்மையை உரைக்காது.

சோதனை நிலையம் பைக்குள் இருக்கும் பொருளுக்கே விடை கூறும். வயலையும் கிடங்கையும் அது காண்பதில்லை. எருக்குவியல் இருந்த இடத்து மண்ணை அனுப்பிய விவசாயிக்கு உரம் வேண்டாமென்று விடை வரும். அதை நம்பியவர் அவ்வாண்டு விளைச்சலை இழப்பார். அரைநாள் உழைப்பால் இந்நஷ்டத்தைத் தவிர்க்கலாம். அடுத்த சாகுபடிக்கு முன்னரே சங்கங்கள் நாள் குறித்து, அங்கத்தினரின் மாதிரிகளை ஒருங்கே திரட்டி, பட்டியலோடு ஒப்பிட்டு அனுப்புமாயின், செலவும் குறையும், தவறும் குறையும்.