வாசிப்புக் கருவியும் வர்க்க நலனும்: உலாவிகள், நீட்சிகள் பற்றிய ஒரு நோக்கு

எழுத்து வாசகரை வந்தடையும் வழியும் இலக்கிய வரலாற்றின் ஒரு கூறேயாகும். க. கைலாசபதி 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) என்னும் நூலிலே நாவலின் தோற்றத்தைச் சமூக மாற்றத்தின் பின்னணியில் வைத்து ஆராய்ந்தார். அவ்வணுகுமுறையை இன்றைய வாசிப்புக் கருவிக்கும் நீட்டிப் பார்ப்பது பொருத்தமானதென நாம் கருதுகின்றோம். ஊவாவின் தோட்டப்புறங்களில் இணையத்தை நாடும் இளைஞருட் பலருக்குக் கைபேசியிலுள்ள உலாவியே வாசிகசாலை. இணையப் பக்கத்தைப் பெற்றுத் திரையிலே காட்டும் மென்பொருளே உலாவி. அதனோடு பிறர் ஆக்கி இணைக்கும் சிறு மென்பொருள் நீட்சி. உலாவியை நடுநிலையான கண்ணாடியெனக் கொள்வது தவறு. வாசகர் அதனைத் தம் தேவைக்கேற்ப மாற்றலாமா என்பதை அதன் உடைமையாளரின் நலனே பெரிதும் தீர்மானிக்கின்றது.

தமிழின் அனுபவம் இதற்குச் சான்று. 1990களின் பிற்பகுதியிலே தமிழ்த் தளங்கள் வெவ்வேறு எழுத்துருக்களைக் கையாண்டன. ஈழத்தவரிடையே பாமினி பரவியிருந்தது. உரிய எழுத்துரு இல்லாத கணினியிலே பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துக்களின் குவியலாகத் தோன்றியது. எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தனுப்பும் முறை வந்தபோதும் நெற்ஸ்கேப் ஒரு வடிவத்தையும் மைக்ரோசொஃப்டின் இன்டர்நெற் எக்ஸ்புளோரர் பிறிதொன்றையும் கைக்கொண்டன. ஒன்றன் கோப்பை மற்றது ஏற்கவில்லை. இரு நிறுவனங்களின் சந்தைப் போட்டியின் சுமை தமிழ்ப் பக்கம் ஆக்குவோர் மீதும் வாசிப்போர் மீதும் விழுந்தது. 1991இலேயே யூனிகோட் தமிழுக்கு இடமளித்திருந்தபோதும் அது நடைமுறைக்கு வரப் பல்லாண்டுகள் சென்றன.

இவ்விடைவெளியை நிரப்பியவை நீட்சிகளே. 2004 நவம்பரில் முதற் பதிப்பாக வெளிவந்த பயர்பொக்ஸ், பிறர் ஆக்கும் நீட்சிகளுக்கு விரிந்த இடமளித்தது. பழைய குறிமுறைகளில் அமைந்த இந்திய மொழிப் பக்கங்களை யூனிகோட்டாக மாற்றிக் காட்டியது 'பத்மா'. உலாவியிலேயே தமிழைத் தட்டெழுத உதவியது 'தமிழ்விசை'. இவை விற்பனைப் பண்டங்களல்ல. இலாபம் தராதெனச் சந்தை புறக்கணித்த பணியை மொழியார்வலரின் தன்னார்வ உழைப்பு நிறைவேற்றியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயின் அவ்வுழைப்பு நின்ற நிலம் பிறருடையது. 2017 நவம்பரில் வெளிவந்த பயர்பொக்ஸ் 57 பழைய முறையில் அமைந்த நீட்சிகள் அனைத்தையும் கைவிட்டது. பாதுகாப்பு, வேகம் என்று கூறப்பட்ட காரணங்கள் பொய்யல்ல. எனினும் புதிய முறைக்கு மாற்றி எழுத ஆளில்லாத நீட்சிகள் பல மறைந்தன. யூனிகோட்டுக்கு மாற்றப்படாத பழைய பக்கங்களை வாசிக்கும் வழிகளில் ஒன்றும் அவற்றோடு அடைபட்டது.

இன்றைய உலாவிகளை ஒப்பிடுவோர் பெயர்களின் பன்மையால் மயங்கலாகாது. 2008இல் தோன்றிய குரோம் உலகப் பாவனையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கொண்டுள்ளது. ஒபேரா 2013இலும் மைக்ரோசொஃப்டின் எட்ஜ் 2020இலும் கூகிளின் குரோமியம் அடித்தளத்துக்கே மாறின. கூகிளின் வருவாயிற் பெரும்பகுதி விளம்பரத்தினின்று வருவது. இப்பின்னணியிலேயே விளம்பரங்களைத் தடுக்கும் 'யூபிளொக் ஒரிஜின்' நீட்சிக்கு நேர்ந்ததை நோக்க வேண்டும். குரோமின் புதிய நீட்சி விதிகளின் விளைவாக 2024, 2025ஆம் ஆண்டுகளில் அது அங்கே செயலிழந்தது. ஆற்றல் குறைந்த சிறு வடிவமே எஞ்சியது. பயர்பொக்ஸில் முழு வடிவம் தொடர்கின்றது. கைபேசியில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. அன்ட்ரொய்ட் கைபேசிக் குரோம் நீட்சிகளையே ஏற்பதில்லை. பயர்பொக்ஸோ 2023 டிசம்பரில் அங்கும் தன் கதவை அகலத் திறந்தது.

இது வெறும் தொழினுட்ப வேறுபாடன்று. மடிக்கணினி உடையவர் தம் வாசிப்பைச் செப்பனிட்டுக்கொள்ளலாம். பசறையிலோ நமுனுகுலவிலோ ஹல்துமுல்லையிலோ லயன் அறையிற் கைபேசியொன்றை மட்டுமே உடையவருக்கு, அதிலே குரோமும் மட்டுமே இருப்பின், அவ்வாய்ப்பில்லை. ரீலோட் செய்து வாங்கிய டேட்டாவிலே விளம்பரமும் இறங்குகின்றது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்ந்ததே 2021இற்றான். அச்சம்பளத்தில் வாங்கிய டேட்டாவிலே ஒரு கூறு, அவர் கேளாத விளம்பரத்தைச் சுமந்து வருவதற்குச் செலவாகின்றது. டேட்டாவை மிச்சப்படுத்த ஒபேரா மினி உண்டு. ஆனால் அதன் உச்சச் சிக்கன முறையிலே பக்கங்கள் அந்நிறுவனத்தின் கணினி வழியாகச் சுருங்கி வருகின்றன. முன்னைய பதிப்புக்களிலே பல கைபேசிகளில் தமிழ் வெறுங்கட்டங்களாகவே தெரிந்தது. எழுத்தைப் படமாகப் பெறும் அமைப்பைப் பாவனையாளர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பதுளை மாவட்டத்துத் தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியப் பணியாற்றி அவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டவர், 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப். அவர் போன்றோர் வளர்த்த மலையக இலக்கியம் அம்மண்ணின் இளைஞருக்கு மீள்வதற்கு, 2005இல் தொடங்கிய நூலகம் போன்ற எண்ணிம நூலகங்கள் வழிசமைத்துள்ளன. நூல்களின் பக்கப் படங்கள் டேட்டாவை மிகுதியாக உண்பவை. விளம்பரத்தில் மிச்சமாகும் டேட்டா ஒரு நூலின் சில பக்கங்களாகலாம்.

பயர்பொக்ஸைப் புனிதப்படுத்துவதும் எமது நோக்கமன்று. அதனை ஆக்கும் மொஸில்லாவின் வருவாயிற் பெரும்பகுதி, தேடற் பொறி ஒப்பந்தத்தின் வழியே கூகிளிடமிருந்தே வருகின்றது. நீட்சிகளும் விலைபோகக் கூடியவை. 'த கிரேட் சஸ்பெண்டர்' என்னும் நீட்சி பிறருக்குக் கைமாறியபின், தீங்கானதெனக் கண்டு 2021இல் கூகிளால் நீக்கப்பட்டது. நாம் பார்க்கும் பக்கங்கள் அனைத்தையும் வாசிக்க அனுமதி கோரும் நீட்சியை ஆக்குபவர் யார், அவ்வனுமதி எதற்கு என்று வினவியே ஏற்றல் வேண்டும்.

எனினும் முரண்பாடுகளுக்கிடையே தோன்றும் வெளியைப் பயன்படுத்துவது முற்போக்காளரின் கடமை. தோட்டப் பாடசாலைகளின் தகவல் தொழினுட்பப் பாடத்தில் உலாவியைத் திறக்கக் கற்பிப்பதோடு அமையாது, அது யாருடையது, அதனை எவ்வளவுக்கு மாற்றலாம் என்பதையும் கற்பித்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் பழைய எழுத்துருக்களில் உறைந்து கிடக்கும் ஈழத்து, மலையக எழுத்துக்களை யூனிகோட்டுக்கு மாற்றிப் பொதுவுடைமையாக்கும் பணியை ஏற்க வேண்டும். நீட்சியை நம்பியிராமல் எந்த உலாவியிலும் அவற்றை வாசிக்க அதுவே நிலையான வழி.