சூடு தாங்கும் கண்ணாடியும் மின்னடுப்பும்



திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வருகிறது. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பெருமை அதற்கு உண்டு. பூட்டின் உள்ளமைப்பை அறிந்தவருக்கே அதைப் பழுது பார்க்கவும் பாதுகாக்கவும் இயலும். வீட்டிலுள்ள எந்தக் கருவிக்கும் இவ்விதி பொருந்தும். சிறு குடும்பங்களிலும் மாணவர் தங்கும் அறைகளிலும் இன்று பெருகி வரும் கண்ணாடித் தள மின்னடுப்பை, அதாவது மக்கள் ‘கரண்ட் அடுப்பு’ என்று வழங்கும் கருவியை, இந்த நோக்கில் ஆராய்வோம்.

குளிர்ந்த கண்ணாடித் தம்ளரில் கொதிநீரை ஊற்றினால் அது விரிந்துபோவதுண்டு. ஆனால் மின்னடுப்பின் மேலுள்ள கண்ணாடியோ பல நூறு பாகை வெப்பத்தைத் தாங்குகிறது. அதே கண்ணாடியின்மேல் தோசைக்கல் கைதவறி விழுந்தால் உடைந்துவிடுகிறது. நெருப்பைத் தாங்கும் பொருள் ஓர் அடியைத் தாங்காதது ஏன்?

வெப்பம் பட்டால் பொருள்கள் விரியும் என்பது நீங்கள் அறிந்ததே. ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கண்ணாடிக் கோல், 100 பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் நீள்கிறது. தம்ளரின் உட்புறம் சூடாகி விரிய முயலும்போது, வெளிப்புறம் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே எழும் இழுபறியால்தான் கண்ணாடி வெடிக்கிறது. ஆகவே, சூடேறினாலும் விரியாத கண்ணாடி ஒன்று இருந்தால் அது வெடிக்காதன்றோ?

அத்தகைய பொருளுக்கு வழி திறந்த நிகழ்ச்சி 1953-ஆம் ஆண்டில் நடந்தது. அமெரிக்காவில் கார்னிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் டொனால்டு ஸ்டூக்கி என்னும் அறிஞர், ஒரு கண்ணாடித் துண்டை 600 பாகை செல்சியஸில் சூடேற்ற எண்ணி உலையில் வைத்தார். உலையின் கட்டுப்பாடு பழுதாகி வெப்பம் 900 பாகைக்கு ஏறிவிட்டது. கண்ணாடி உருகி ஓடியிருக்கும் என்று எண்ணிக் கதவைத் திறந்தார். அது உருவம் குலையாமல் வெண்மையாக மாறியிருந்தது. எடுக்கும்போது இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தும் அது உடையவில்லை! கண்ணாடிப் பீங்கான் என்னும் புதுப்பொருள் இவ்வாறு பிறந்தது.

உலையில் நிகழ்ந்தது என்ன? சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டால், அந்நூலைப் பற்றிக்கொண்டு கற்கண்டு விளைவதை நீங்கள் அறிவீர்கள். அதுபோலவே கண்ணாடியினுள் கலந்துள்ள சில பொருள்களைப் பற்றிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான படிகங்கள் விளைகின்றன. இன்றைய அடுப்புத் தளத்தில், எஞ்சிய கண்ணாடி சூட்டில் விரிய, இப்படிகங்கள் சிறிது சுருங்குகின்றன. ஒன்றை மற்றொன்று ஈடுசெய்வதால், தளம் விரிவதே இல்லை எனலாம். வெப்பத்தால் வரும் வெடிப்பு நீங்கியது. ஆனால் வளைந்து கொடுக்காத இயல்பு நீங்கவில்லை. சாதாரணக் கண்ணாடியினும் வலிதாயினும், மெல்லிய தகடாக அமைந்த அது பலத்த அடிக்கும் ஆழ்ந்த கீறலுக்கும் அஞ்சத்தான் வேண்டும். இந்த ஓர் உண்மையிலிருந்தே அதைப் பேணும் முறைகள் அனைத்தும் பிறக்கின்றன.

இவ்வடுப்புகள் இருவகைப்படும். இன்ஃப்ராரெட் அடுப்பில் கண்ணாடியின் கீழுள்ள கம்பிச்சுருள் செந்தணலாகி, கண்ணாடியையும் பாத்திரத்தையும் சூடாக்குகிறது. இண்டக்ஷன் அடுப்பிலோ சுருள் தணலாவதில்லை. அது விரைந்து மாறும் காந்தப்புலத்தை உண்டாக்க, அப்புலம் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைத் தூண்டி, பாத்திரத்தையே சூடாக்குகிறது. இதன் அடிப்படை 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலேயாகும். இரும்புப் பாத்திரங்களே இதற்கு ஏற்றவை. செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்கள் சாதாரண இண்டக்ஷன் அடுப்பில் சூடேறுவதில்லை. பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். உறுதியாக ஒட்டினால் அது பயன்படும்.

இனிப் பேணும் முறைகளைக் காண்போம். நம் சமவெளியில் ஆடிக் காற்று புழுதியை வாரி வீட்டினுள் இறைக்கும். மணலிலுள்ள படிகக்கல் கண்ணாடியினும் கடினமானது. அது படிந்த தளத்தில் பாத்திரத்தை இழுத்தால் கீறல் விழும். அக்கீறலே பின்னர் உடைவுக்குத் தொடக்கமாகும். ஆதலால் சமைக்குமுன் தளத்தைத் துடைத்தல் வேண்டும். பாத்திரத்தை இழுக்காமல் தூக்கி வைத்தல் வேண்டும். தேய்க்கும் கம்பி நாரும் சாம்பலும் ஆகா.

ஆழ்குழாய்க் கிணற்று நீர் பொங்கி வழிந்து காய்ந்தால் வெண்கறை படிவதைக் காண்கிறோம். அது பெரும்பாலும் சுண்ணாம்பு உப்பு, அமிலத்தில் கரைவது. தளம் ஆறியபின் எலுமிச்சைச் சாற்றை அதன்மேல் சிறிது நேரம் ஊறவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் போதும். வெல்லப் பாகு சிந்தினால் மட்டும் காத்திருத்தல் கூடாது. பாகு கண்ணாடியோடு இறுகப் பற்றி, ஆறும்போது சுருங்கி, கண்ணாடியின் மேற்பரப்பையே பெயர்த்துவிடும். உடனே அடுப்பை அணைத்து, இளஞ்சூடு இருக்கும்போதே, கை சுடாதவாறு, அதற்குரிய சுரண்டியால் வழித்தெடுக்க வேண்டும்.

மின்சாரத்தின் கணக்கையும் அறிக. 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. ஆகவே விளக்குக்கும் விசிறிக்கும் உரிய 6 ஆம்பியர் சொருகியில் அதை இணைத்தல் தவறு; அது சூடாகித் தீப்பற்றவும் கூடும். நில இணைப்புள்ள 16 ஆம்பியர் சொருகியே தக்கது. முழு ஆற்றலில் அரைமணி நேரம் எரித்தால் ஒரு யூனிட் செலவாகும். அடுப்பின் அடியில் செய்தித்தாளை விரித்தால் காற்றுத் துளைகள் அடைபட்டு உள்ளுறுப்புகள் கெடும். சமையல் முடிந்ததும் உள்விசிறி நிற்கும்வரை சுவர் சுவிட்சை நிறுத்தாதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் என்றும் மறவாதீர்கள். முதலாவது, இன்ஃப்ராரெட் அடுப்பின் செந்நிறம் மறைந்த பின்னரும் கண்ணாடி நெடுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும். கறுத்த கண்ணாடி சுடும்போதும் குளிரும்போதும் ஒரே தோற்றத்தையே காட்டும். பெரியவர்களே ஏமாறுவர், குழந்தைக்கு எப்படித் தெரியும்? இண்டக்ஷன் அடுப்பிலும் பாத்திரத்தின் சூடு கண்ணாடியில் ஏறியிருக்கும். இரண்டாவது, கண்ணாடியில் மயிரிழை போன்ற விரிசல் கண்டாலும் அந்த அடுப்பில் சமைக்கலாகாது. விரிசல் வழியே இறங்கும் நீர் மின்சாரம் பாயும் உறுப்புகளைச் சேரும். பின் அதைத் தொடுபவரின் உயிருக்கே கேடு நேரலாம். அடுப்பைத் தொடாமல் சுவர் சுவிட்சை அணைத்து, பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். பசையிட்டு ஒட்டாதீர்கள், தேர்ந்த பணியாளரைக் கொண்டு கண்ணாடியை மாற்றுங்கள், இயலாவிடில் அடுப்பையே விலக்கிவிடுங்கள்.

‘இதைச் செய், அதைச் செய்யாதே’ என்ற கட்டளைகளை மனப்பாடம் செய்தால் சில நாளில் மறந்துபோகும். கண்ணாடி ஏன் வெடிக்கிறது, நீர் ஏன் கறை விடுகிறது, பாகு ஏன் பற்றுகிறது என்று காரணத்தை உணர்ந்துகொண்டவருக்கு அக்கட்டளைகள் தாமாகவே விளங்கும். பள்ளியில் பயிலும் பௌதிகமும் ரசாயனமும் தேர்வுத்தாளோடு முடிவன அல்ல. இன்று வீடு சென்றதும் உங்கள் அடுப்பின் சொருகியையும் கண்ணாடியையும் ஒருமுறை உற்று நோக்குங்கள். கற்றதை வீட்டிலுள்ளோர்க்கும் எடுத்துச் சொல்லுங்கள்.