கரைக்குச் சொந்தமாக ஒரு தையல்

தையலால் பிழைக்கும் சகோதரிகள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கணனியில் இருக்கிற பூவைத்தான் நாங்களும் தைக்கிறோம், பக்கத்துக் கடையிலும் அதைத்தான் தைக்கிறார்கள். பிறகு எங்களுடையதை யார் தேடி வாங்குவார்கள்?" நியாயமான கேள்விதான். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பிறர் வரைந்த வடிவங்களில் சிலவற்றை விற்பனைப் பொருட்களில் தைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் தருகிறார்கள். நாமே வரைந்த வடிவத்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை.

முழுப் பூவேலையையும் கணனியில் வரைவதற்கு நீண்ட பயிற்சி தேவை. ஆனால் தலையணை உறையின் கரைக்கு ஓர் அலங்காரத் தையலை உருவாக்குவது அவ்வளவு கடினமல்ல. அதை எவ்வாறு செய்வது என்று இங்கே பார்ப்போம்.

கோடு எவ்வாறு தையலாகிறது?

பூவேலை மென்பொருளில் நாம் ஒரு கோடு வரைந்தால், அதன்மேல் ஊசி எங்கெங்கே குத்த வேண்டும் என்பதை அது கணக்கிடுகிறது. சாதாரண ஓட்டுத் தையலில் ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றருக்கு ஒரு குத்து விழும். ஒவ்வொரு தையலையும் முன்னே, பின்னே, மீண்டும் முன்னே என்று மும்முறை ஓட்டினால் கோடு தடிப்பாகும். இவை எல்லா மென்பொருளிலும் ஆயத்தமாகவே இருப்பவை.

நாம் செய்யப்போவது வேறு. ஒரு சிறிய உருவத்தை ஒருமுறை வரைந்து, அதைக் கோட்டின் வழியே திரும்பத் திரும்ப வைப்பதுதான் அது. கயிறு கட்டி வரிசையாக நாற்று நடுவது போன்றது என்று கொள்ளுங்கள். கோடு கயிறு. உருவம் நாற்று. நாற்று நன்றாக இல்லாவிட்டால் கயிற்றை எவ்வளவு நேராகக் கட்டினாலும் பயனில்லை. எனவே முதல் வேலை கணனியில் இல்லை, கொப்பியில்தான்.

கொப்பியில் செய்ய வேண்டியது

பிள்ளைகளின் சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒரு தாளை எடுங்கள். ஒரு சதுரத்தை ஒரு மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக ஓர் இலையை வரைவோம்.

1. அடிக்கோட்டில் புறப்பட்டு வலப்பக்கம் 3 சதுரம் செல்லுங்கள். இதுவே இலையின் காம்படி.
2. அங்கிருந்து வலப்பக்கம் அரைச் சதுரம், மேலே இரண்டரைச் சதுரம்.
3. அடுத்து வலப்பக்கம் இரண்டரை, மேலே இரண்டரை. இது இலையின் நுனி.
4. நுனியிலிருந்து இடப்பக்கம் அரை, கீழே 3.
5. மீண்டும் காம்படிக்கே திரும்புங்கள்.
6. அடிக்கோட்டில் 4 சதுரம், பின் இன்னும் 4 சதுரம் சென்று முடியுங்கள்.

ஏழு குத்துகளில் 11 மில்லிமீற்றர் அகலமும் 5 மில்லிமீற்றர் உயரமும் உள்ள ஓர் இலை கிடைக்கிறது. இதில் மூன்று விதிகளைக் கவனித்திருப்பீர்கள். கை எடுக்காமல் ஒரே கோடாக வரைந்தோம். தொடக்கமும் முடிவும் ஒரே மட்டத்தில் உள்ளன. ஒவ்வொரு தையலும் 2.5 முதல் 4 மில்லிமீற்றர் வரை இருக்கிறது. தையல் ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்தால் குத்துகள் ஒரே இடத்தில் குவிந்து நூல் அறும், மெல்லிய துணி கிழியும். 7 மில்லிமீற்றருக்கு மேல் நீண்டால் நூல் தளர்ந்து வளையலிலும் நகத்திலும் சிக்கும்.

கணனியில் செய்ய வேண்டியது

வில்கொம் போன்ற விலை கூடிய மென்பொருள்களில் சொந்த உருவத்தைச் சேமித்துக் கோட்டில் ஓட்டும் வசதி உண்டு. பணம் செலவிட முடியாதவர்களுக்கு இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருளும் அதனோடு சேர்ந்து இயங்கும் இங்க்ஸ்ரிச்சும் இலவசமாகக் கிடைக்கின்றன.

கொப்பியில் உள்ள இலையை இங்க்ஸ்கேப்பில் அதே அளவுகளில், நேர்கோடுகளாக வரைந்து பிரதி எடுங்கள். பின்னர் கரைக்கான நீண்ட கோட்டை வரைந்து, 'பற்றேன் அலோங் பாத்' என்ற வசதியை அதற்குக் கொடுத்து, பிரதி எடுத்த இலையை அதனுடன் இணையுங்கள். 'றிப்பீற்றட், ஸ்ரெச்ட்' என்பதைத் தெரிந்தால், இலைகள் கோடு முழுவதையும் மிச்சமின்றி நிரப்பும். இலைகள் கோட்டின் தவறான பக்கத்தில் விழுந்தால் கோட்டின் திசையை மாற்றிவிடுங்கள்.

அருகருகே உள்ள முனைகளை ஒட்டும் வசதியையும் மறவாமல் பயன்படுத்துங்கள். நாம் முதன்முறை இதை விட்டுவிட்டோம். இயந்திரம் ஒவ்வோர் இலையையும் தனித்தனி வேலையாக எண்ணி முடிச்சுப் போட்டுப் போட்டுத் தாவியது. தையல் முடிந்தபின் கத்தரிக்கோலோடு நெடுநேரம் இருக்க வேண்டியதாயிற்று.

இறுதியாக உருவத்தைச் சாதாரண கோடாக மாற்றி, இங்க்ஸ்ரிச்சில் 'மனுவல் ஸ்ரிச்' என்பதைத் தெரியுங்கள். அப்போதுதான் நாம் வைத்த புள்ளிகளில் மட்டும் ஊசி குத்தும். ஓட்டுத் தையலாகவே விட்டால் மென்பொருள் தானே குத்துகளை வகுக்கும். நாம் நினைத்த இலை கிடைக்காது.

மூலைகளில் கவனம்

கூரான மூலையில் உருவம் நெளிந்துவிடும். எனவே சதுரக் கரையை நான்கு தனிக்கோடுகளாக, ஒரே சுற்றுத் திசையில் வரையுங்கள். ஒரு பக்கம் 80 மில்லிமீற்றர் என்றால் 11 மில்லிமீற்றர் இலைகள் ஏழு 77 மில்லிமீற்றரை நிரப்பும். மீதி 3 மில்லிமீற்றரை ஏழு இலைகளும் பங்கிட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றரும் நீளாது. கண்ணுக்குத் தெரியாது. இலைகளைக் கோடாக மாற்றிய பின் நான்கு பக்கங்களையும் மூலைகளில் இணைத்துவிடலாம்.

உங்கள் இயந்திரம் ஏற்கும் வகையில் கோப்பைச் சேமியுங்கள். பிறதருக்கு பீ.ஈ.எஸ்., ஜனோமிக்கு ஜே.ஈ.எப்., பல தொழிற்சாலை இயந்திரங்களுக்கு டீ.எஸ்.ரி. என்பன பொருந்தும். முதலில் திரையில் ஓட்டிப் பாருங்கள். அதன்பின் அதே வகைத் துண்டுத் துணியில் தைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் தந்த துணியில் ஒருபோதும் முதற் பரீட்சை வேண்டாம். அது பழுதானால் துணியின் விலையோடு அவருடைய நம்பிக்கையும் போய்விடும்.

கணனி இல்லாதவர்கள் இதைப் படித்து மனம் சோர வேண்டியதில்லை. இந்த வேலையின் பெறுமதியான பகுதி கொப்பியில்தான் நடக்கிறது. தாளில் ஏழு புள்ளிகளைச் சரியாக வைத்துவிட்டால், எஞ்சியதை இயந்திரம் உள்ள ஒருவரிடம் ஒரு மணித்தியாலம் இரவல் வாங்கியும் முடிக்கலாம், கையாலும் தைக்கலாம். வீட்டையும் வயலையும் விட்டுப் புறப்பட்டவர்களுக்கு ஒன்று தெரியும்: கொண்டு செல்ல முடிந்தவையே கைகொடுத்தன. அந்தக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருங்கள்.